புவான் வாலண்டைன் வீட்டில் ஓர் ஆண்

17 பிப்ரவரி 2025, திங்கள்

இனி வாரத்துக்கு மூன்று நாள்தான் வேலை என்று பட்டறை முதலாளி தவுக்கே சொல்லிவிட்டார். வெளிநாட்டு ஆர்டர் குறைந்துபோச்சாம். நாற்காலிக்கு வார்னிஷ் அடிப்பவன் நான். நாற்காலியே வராவிட்டால் எதன்மேல் அடிப்பது?

கெர்ட்ரூட் அக்காவிடம் சொன்னேன். நலத்துறைக்குப் போடா, தனியாகப் பிள்ளை வளர்ப்பவர்களுக்கு உதவி தருகிறார்கள் என்றாள். போகமாட்டேன் என்றேன். "ஜாக்லினுக்குப் பள்ளிக்கூடத்துக்குக் கால்ல போடற சப்பாத்தை உன் ரோஷத்துலயா தைக்கப் போற?" என்று கேட்டாள்.

உடன்பிறந்தவள் வாய்க்கு ஈடு கிடையாது.

20 பிப்ரவரி, வியாழன்

போனேன்.

கவுண்டரில் புவான் ரொஸ்னா என்ற அம்மாள். ஓய்வு பெறும் வயது. பிள்ளையின் தாய் எங்கே என்று மலாயில் கேட்டார். விவாகரத்து ஆகி இரண்டு வருடம், லோஷினி ஜொகூர் பாருவில் இருந்துகொண்டு தினமும் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகிறாள் என்றேன். அப்படியானால் அவரை வந்து விண்ணப்பிக்கச் சொல்லுங்கள் என்றார். பிள்ளை என்னிடம்தான் இருக்கிறாள் என்று கோர்ட் உத்தரவைக் காட்டினேன். படித்துவிட்டு, நீங்கள் நல்ல அப்பா என்று மனதாரப் பாராட்டினார். பாராட்டிக்கொண்டே கணினியில் 'ஆண்' என்று தட்டினார். பக்கம் மூடிக்கொண்டது.

மறுபடி தட்டினார். மறுபடி மூடிக்கொண்டது.

திட்டத்தின் பெயரே தனித்தாய் உதவி. அப்பாக்களை அடுத்த வருடம் சேர்ப்பதாகப் பேச்சு இருக்கிறதாம். பக்கத்து மேசைக்காரரைக் கூப்பிட்டார். இருவரும் திரையைப் பார்த்தார்கள், என்னைப் பார்த்தார்கள், என் மீசையைப் பார்த்தார்கள். கடைசியில் புவான் ரொஸ்னா குரலைத் தாழ்த்தி, தற்காலிகமாகப் பெண் என்று போட்டுவிடட்டுமா, ஆட்சேபனை இல்லையே என்றார்.

எனக்குப் பின்னால் வரிசை கதவுவரை நின்றது. இல்லை என்று சொல்லிவிட்டேன்.

6 மார்ச், வியாழன்

என் பெயருக்குக் கடிதம் வந்தது, 'புவான் வாலண்டைன்', அதாவது திருமதி வாலண்டைன் என்று. மகள் ஜாக்லின்தான் பிரித்துப் படித்தாள். நாலாம் வகுப்பு, மலாய் நன்றாக வாசிப்பாள். "அப்பா, நீ புவானா?" என்றாள்.

உதவி கிடைத்துவிட்டது, தற்காலிகமாக. அது நிலைக்க வேண்டுமானால் இரண்டு நிபந்தனை. ஒன்று, தனித்தாய்களுக்கான சனிக்கிழமைப் பயிற்சிக்குப் போக வேண்டும். இரண்டாவதை அவளிடமிருந்து வாங்கி நானே படித்தேன். புவான் வாலண்டைனின் முன்னாள் கணவர் பிள்ளையின் ஜீவனாம்சம் பற்றிப் பேச வர வேண்டும். அவருக்குத் தனியே கடிதம் போய்விட்டது.

முன்னாள் கணவரின் பெயர்: என்சிக் லோஷினி, அதாவது திரு லோஷினி.

ஆண்டவரே.

11 மார்ச், செவ்வாய்

லோஷினி போன் பண்ணினாள். எனக்கே பண்ணினாள். வழக்கமாக ஜாக்லினிடம் மட்டும் பேசுவாள். அவளைப் பார்க்க வந்தாலும் அக்கா வீட்டில் வைத்துப் பார்த்துவிட்டு, நான் வருமுன் போய்விடுவாள்.

"உன் காசு எனக்கு வேணாம்னு கோர்ட்டு வாசல்ல கத்துனது யாரு? இப்ப கவர்மெண்ட்ட விட்டுக் கேக்கறியா?"

நான் கேட்கவில்லை, கணினிதான் கேட்கிறது என்றேன். நம்புகிற மாதிரியா இருக்கிறது? வைத்துவிட்டாள்.

கொஞ்ச நேரத்தில் ஒரு படம் வந்தது. அவளுக்குப் போன கடிதம். 'என்சிக் லோஷினி' என்ற இடத்தைச் சிவப்பில் சுழித்திருந்தாள். ஒரு வார்த்தை எழுதவில்லை. நான் 'புவான் வாலண்டைன்' என்று வந்த என் கடிதத்தைப் படம் எடுத்து அனுப்பினேன்.

ஒரு சிரிக்கிற மூஞ்சி வந்தது. மஞ்சள் மூஞ்சிதான். ஆனாலும் சிரித்தது.

ஆனால் பேச வருவதாகச் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

12 ஏப்ரல், சனி

நோன்புப் பெருநாள் முடிந்து இன்று முதல் வகுப்பு. மண்டபத்தில் பெண்கள் கூட்டம். நுழையும்போதே ஓர் அம்மாள், "ஃபேன் சரிபண்ண வந்தீங்களாண்ணே?" என்று கேட்டாள். அவள் பெயர் யோகேஸ்வரி. தேங்காய்ப்பால் சோறு விற்கும் நாசி லெமாக் கடை போடுகிறாள். இந்தக் குழுவுக்குத் தலைவியும் அவள்தான்.

ஆமாம் என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று இப்போதும் தெரியவில்லை. ஏணி கொண்டுவந்தார்கள். ஏறி, தளர்ந்த திருகை முடுக்கி, ஓடவிட்டுக் காட்டினேன். நன்றி சொன்னார்கள். நான் போகாமல் நின்றேன். அவர்களும் நான் போவதற்காக நின்றார்கள்.

பிறகு பயிற்சி கொடுக்கும் மலாய்க்கார அம்மாள் பெயர் கூப்பிட்டார். புவான் வாலண்டைன் என்றதும் கையைத் தூக்கினேன். எல்லாரும் நிமிர்ந்து ஃபேனைப் பார்த்தார்கள். அப்புறம் ஒரு சிரிப்பு கிளம்பியது பாருங்கள். யாரைப் பாருங்கள் என்கிறேன்? எனக்காகத்தான் எழுதுகிறேன்.

எழுந்து வந்துவிடலாம் என்றுதான் இருந்தேன். யோகேஸ்வரி ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டாள். "உக்காருங்கண்ணே. புருஷன் இல்லாதவங்க எல்லாரும் இங்க ஒண்ணுதான்."

எனக்கும் புருஷன் இல்லைதான். உட்கார்ந்தேன்.

19 ஏப்ரல், சனி

இன்று வகுப்பில் கேக் சுடக் கற்றுக்கொடுத்தார்கள். என் கேக் நன்றாக வந்தது. பட்டறையில் யாரிடமும் சொல்லவில்லை.

26 ஏப்ரல், சனி

இன்று எல்லாருக்கும் ஒரு பரிசுப் பை. வீட்டுக்கு வந்து பிரித்தேன். ஒரு லிப்ஸ்டிக், ஒரு கண்ணாடி, பெண்கள் மாதா மாதம் வாங்குகிற பஞ்சுப் பொட்டலம் இரண்டு.

லிப்ஸ்டிக்கை அக்காவுக்குக் கொடுத்தேன். இந்த நிறம் எனக்கு எடுக்காது என்று குறை வேறு.

பொட்டலத்தை எங்கே வைப்பது? அலமாரியைத் திறந்தேன், மூடினேன். ஜாக்லினின் துணி அடுக்கில் வைக்கப் போனவன் அப்படியே நின்றுவிட்டேன். பத்து வயதாகிறது. இன்னும் ஒரு வருடம், மிஞ்சினால் இரண்டு. அன்றைக்கு இந்த வீட்டில் யார் இருப்பார்? நான்தான் இருப்பேன். என்ன சொல்வேன்? வார்னிஷில் எத்தனை வகை உண்டு என்று சொல்லத் தெரியும் எனக்கு.

அக்கா இருக்கிறாள்தான். ஆனால் பிள்ளை அந்த நேரத்தில் அத்தையையா தேடும்?

14 மே, புதன்

வீட்டைப் பார்க்க நலத்துறையிலிருந்து ஒரு பையன் வந்தான். புதிதாக வேலைக்குச் சேர்ந்தவன், மரியாதையான பிள்ளை. வாசலிலேயே நின்று புவான் வாலண்டைன் இருக்கிறாரா என்றான். நான்தான் என்றேன். சிரித்தான். நானும் சிரித்தேன். உள்ளே வந்து சமையல்கட்டைப் பார்த்தான். நான் பைஜாமாவோடு துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். குறித்துக்கொண்டு போனான்.

எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்று நினைக்கிறேன்.

22 மே, வியாழன்

முடியவில்லை.

உதவி நிறுத்தப்பட்டது. காரணம்: 'புவான் வாலண்டைன் வீட்டில் இல்லை. அங்கே ஓர் ஆண் இருந்தார். இரவு உடையில் இருந்தார். வீட்டின் சகல இடங்களும் அவருக்குப் பழக்கமாக இருந்தன. விண்ணப்பதாரர் ஓர் ஆணுடன் சேர்ந்து வாழ்வதாகச் சந்தேகிக்கப்படுகிறது.'

மூன்று தடவை படித்தேன். நான் என்னோடு கல்யாணம் செய்துகொள்ளாமல் குடும்பம் நடத்துகிறேன்.

கீழே இன்னொரு வரி. அந்த வீட்டில் பெண்ணே கிடையாது என்று பக்கத்து வீட்டுக்காரர் உறுதியாகச் சொன்னாராம். பக்கத்து வீடு காளியப்பன் ஐயா, முன்பு லோரி ஓட்டியவர். நேரே போய்க் கேட்டேன். பெருமையாகச் சொன்னார்: "ஒரு பொம்பள அந்த வாசப்படி மிதிச்சு நான் பாத்ததில்லனு அடிச்சுச் சொல்லிட்டேன் தம்பி. நம்ம ஆள விட்டுக்குடுப்பேனா?"

நன்றி ஐயா என்றேன். வேறென்ன சொல்ல?

26 மே, திங்கள்

யோகேஸ்வரி கடையை மூடிவிட்டு என்னோடு நலத்துறைக்கு வந்தாள். வகுப்பிலிருந்து இன்னும் நாலு பேர், இரண்டு மலாய்க்கார அக்காமார் உட்பட. வேண்டாம் என்றேன். யார் கேட்டார்கள்?

புவான் ரொஸ்னா ஓய்வு பெற்றுப் போய்விட்டார். அவர் இடத்தில் இறுக்கமான முகத்தோடு ஓர் அதிகாரி. புவான் வாலண்டைனை அழைத்து வாருங்கள் என்றார். வந்திருக்கிறேன் என்றேன். நீங்கள் அந்த ஆண் என்றார். அடையாள அட்டையைக் கொடுத்தேன். அதில் ஆண் என்றுதானே இருக்கிறது, ஆகவே நீங்கள் புவான் வாலண்டைனாக இருக்க முடியாது. நீங்கள்தான் வாலண்டைன் என்றால் இந்த உதவி உங்களுக்கு இல்லை என்றார்.

யோகேஸ்வரி மேசையில் கை ஊன்றி மலாயில் பிடித்துக்கொண்டாள். இவர் எங்கள் சங்கத்து ஆள், ஒரு சனிக்கிழமை தவறியதில்லை, இவர் சுடும் கேக் என் கேக்கைவிட நல்லது, வேண்டுமென்றால் சட்டியோடு கொண்டுவருகிறோம் என்றாள். மற்ற நால்வரும் தலையாட்டினார்கள். அதிகாரி கொஞ்சம் பின்னால் சாய்ந்துகொண்டார்.

கடைசியில் அவர் ஒரு வழி சொன்னார். முன்னாள் கணவ— முன்னாள் துணை நேரில் வரட்டும். பிள்ளை யாரிடம் இருக்கிறது என்று கையெழுத்துப் போடட்டும், ஜீவனாம்சமும் பேசட்டும். அதற்குப் பிறகு பொதுவான பிள்ளைகள் உதவிக்கு மாற்றிப் பார்க்கலாம்.

திரும்பி வரும்போது யோகேஸ்வரி கேட்டாள். "அந்த அம்மாகிட்ட பேசறதுக்கு உங்களுக்கு என்னண்ணே கஷ்டம்?"

28 மே, புதன்

பேசினேன்.

என்ன பேசுவது என்று எழுதி வைத்துக்கொண்டுதான் எடுத்தேன். அவள் ஹலோ என்றதும் தாள் எதற்கும் உதவவில்லை.

"காசுக்கு இல்ல, லோஷினி. பாப்பாவுக்குப் பத்து வயசாகுது. நான் சொல்லிக்குடுக்க முடியாத விஷயம்லாம் வரப்போவுது. எனக்குப் பயமா இருக்கு."

 அந்தப் பக்கம் பஸ் உறுமும் சத்தம். சிங்கப்பூர்ப் பாலத்து நெரிசலில் நின்றிருப்பாள்.

"எப்ப வரணும்?" என்றாள்.

10 ஜூன், செவ்வாய்

லீவு போட்டு வந்திருந்தாள். முடியை வெட்டியிருக்கிறாள்.

அதிகாரி எங்கள் இருவரையும் உட்காரவைத்து, யார் கணவர் என்று கேட்டார். தாளில் இருப்பதைத்தான் கேட்கிறார், பாவம். லோஷினி முகத்தில் ஒரு மாற்றமும் இல்லாமல், நான்தான் என்சிக் லோஷினி என்றாள். எனக்கு மூக்குவழியாகச் சிரிப்பு வந்துவிட்டது. இருமினேன். அதிகாரி எனக்குத் தண்ணீர் கொண்டுவரச் சொன்னார்.

மற்றதெல்லாம் சண்டையில்லாமல் முடிந்தது. மாதா மாதம் அவள் பங்கு வரும், கோர்ட்டில் பதிந்துகொள்வோம். வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தேன். அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். மூடிக்கொண்டேன். வாரம் விட்டு வாரம் சனி ஞாயிறு ஜாக்லின் அவளோடு.

வெளியே மழை. கூரைக்கடியில் நின்றோம்.

"குண்டாயிட்ட" என்றாள்.

"கேக்கு" என்றேன்.

என்ன ஏது என்று கேட்கவில்லை. மழை விட்டதும் பஸ் ஏறப் போய்விட்டாள்.

18 ஜூலை, வெள்ளி

என்சிக் வாலண்டைன் என்று கடிதம்! பிள்ளைகள் உதவி கிடைத்துவிட்டது. கூடவே ஒரு குறிப்பு: ஆண் என்பது உறுதியாகிவிட்டதால் தனித்தாய்ப் பயிற்சியிலிருந்து என் பெயர் நீக்கப்படுகிறது, சான்றிதழ் தர இயலாது.

வருத்தமாகத்தான் இருந்தது. என்ன பைத்தியக்காரத்தனம்.

யோகேஸ்வரியிடம் சொன்னேன். "அவங்க நீக்குனா நாங்க நீக்கணுமா? நாளைக்கு எட்டு மணிக்கு வந்துருங்கண்ணே. கல்யாண ஆர்டர், நாப்பது கேக்கு. க்ரீம் அடிக்க உங்க கை வேணும்."

வார்னிஷ் ஸ்ப்ரே அடித்த கை. அது நடுங்காது.

2 ஆகஸ்ட், சனி

கோர்ட்டில் பதிவெல்லாம் முடிந்து, இன்று முதல்முறையாக ஜாக்லின் ஜொகூர் பாரு போனாள். காலையில் லோஷினி வந்து கூட்டிப் போனாள், வாசல்வரை வந்து. காளியப்பன் ஐயா வேலியோரம் நின்று பார்த்தார். 

வீடு எவ்வளவு பெரிது என்று இன்றுதான் தெரிந்தது. சோறு வடித்தேன், இரண்டு பேருக்கு வடித்துவிட்டேன்.

மாலை வீடியோ அழைப்பு. ஜாக்லின் முகம், பின்னால் லோஷினி, வாயில் சீப்பு. சர்ச்சில் சாயங்காலப் பூசைக்குக் கூட்டிப் போகிறாளாம். லோஷினி கோயிலுக்குப் போகிறவள். பிள்ளை வாரம் தவறாமல் சர்ச்சுக்குப் போகும் என்று தெரிந்து அவளே கிளம்பியிருக்கிறாள்.

"அப்பா, அம்மாவுக்குச் சடை போட வரல" என்றாள் ஜாக்லின். "நீ போடற மாதிரி மேலேருந்து போடறது அம்மாவுக்குத் தெரியல. சொல்லு."

லோஷினி சீப்பை வாயிலிருந்து எடுத்தாள். "சிரிக்காத" என்றாள்.

நான் சிரிக்கவில்லை. போனைச் சீனி டப்பாவில் சாய்த்து வைத்தேன். நெற்றியிலிருந்து கொஞ்சம் முடி எடு, மூன்றாகப் பிரி, வலதுபக்கத்தை நடுவில் கொண்டுவா என்றேன். கொண்டுவந்தாள். இப்போது இடதுபக்கம், ஓரத்திலிருந்து கொஞ்சம் சேர்த்துக்கொள் என்றேன். சேர்த்தாள். அவள் விரல்களுக்குப் பழக்கமில்லை, ஆனாலும் விடவில்லை.

"இறுக்கவா?" என்று கேட்டாள்.

"ரொம்ப வேணாம். அவளுக்கு வலிக்கும்" என்றேன்.

சரி என்றாள்.