பன்னிரண்டாம் அதிகாரத்தை இன்னும் வாசிக்கவில்லை

பதுளை, பசறை ரோடு,
1911ம் வருஷம் செப்டம்பர் மாதம் 11ந் தேதி.

கர்த்தருக்குள் பிரியமான மகள் சுகிர்தத்துக்கு அப்பா எழுதிக்கொள்வது. இவ்விடத்தில் நானும் அம்மாவும் தேவ கிருபையால் சுகமே, அம்மாவின் இடது முழங்கால் ஒன்றைத் தவிர, அது இந்தக் கச்சான் காற்று ஓய்கிறவரையில் எந்தக் கிருபைக்கும் அடங்காது போலிருக்கிறது. திருச்சிராப்பள்ளியில் நீயும் உன் விடுதிப் பிள்ளைகளும் சுகமாயிருக்க வேண்டுமென்று காலையும் மாலையும் ஜெபிக்கிறோம். இங்கே காற்று மே மாதத்திலேயே பள்ளிக்கூடக் கொட்டகையின் தகரம் இரண்டைப் பிய்த்துத் தேயிலைக்குள் போட்டுவிட்டது, துரையிடம் சொன்னேன், பார்க்கலாம் என்றார், இன்னும் பார்த்துக்கொண்டே இருக்கிறார். பிள்ளைகள் வெயிலுக்கு ஒதுங்கி ஒரே பக்கமாக உட்கார்ந்து படிக்கிறார்கள். நீ ராத்திரியில் விளக்கு வைத்துக்கொண்டு எழுதுகிறாய் என்று தெரியும், கண்ணைக் கெடுத்துக்கொள்ளாதே, தலைக்குக் குளித்தால் ஈரம் காயாமல் கொண்டை முடியாதே. இதெல்லாம் அம்மா எழுதச் சொன்னது. இனி நான் எழுத வேண்டியது.

நீ அனுப்பிய ஆறு புஸ்தகங்களும் ஜூன் மாதத்திலேயே பதுளை பஜாரில் மொஹிதீன் நானா கடைக்கு வந்து, அங்கிருந்து எங்கள் கைக்குப் பத்திரமாகக் கிடைத்தன. செல்லத்தாயின் சாட்சி என்று பெரிய எழுத்திலும், ஒரு உபாத்தியாயினி எழுதியது என்று பொடி எழுத்திலும் போட்டிருக்கிறார்கள். பெற்றவர்களுக்கு உன் பேரை அச்சில் பார்க்கிற ஆசை இருக்காதா என்று உன் மிஷனில் ஒருவருக்கும் தோன்றவில்லை. அம்மா பென்சிலை எடுத்து ஆறு புஸ்தகத்திலும் உன் பேரை எழுதிவிட்டாள். நான் ஒரே மூச்சில் வாசித்தேன். நன்றாயிருக்கிறது, மகளே. ஒரு குறையும் சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. உங்கள் மிஷன் அச்சடிக்கிற கதைகளில் நல்ல பிள்ளைகள் எல்லாம் ஏன் பன்னிரண்டு வயதுக்குள் செத்துப்போகிறார்கள்? கெட்ட பிள்ளைகள் மாத்திரம் கிழவயது வரைக்கும் உயிரோடிருந்து மனந்திரும்புகிறார்கள். நான் உபதேசியாராக இருந்து இருபத்திரண்டு வருஷத்தில் புதைத்த பிள்ளைகளில் ஒன்றுகூடச் சிரித்துக்கொண்டு சாகவில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் ஜெபம் முடிந்ததும் அதிகாரத்துக்கு ஒரு வாரமாக அதைத் தோட்டத்து லயங்களில் குடியிருக்கிற ஜனங்களுக்கு வாசித்துக் காட்டலாம் என்று நினைத்தேன். இத்தனை வருஷப் பிரசங்கத்துக்கு எனக்கு வாய்த்தது நாலு பேர், அதில் ஒருவருக்குக் காது கேளாது. முதல் அதிகாரம் வாசித்த மறு ஞாயிறு பதினைந்து பேர், அதற்கடுத்தது முப்பது பேருக்கு மேல், கொட்டகையில் இடமில்லாமல் தகரம் போன பக்கத்திலும் உட்கார்ந்தார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை. அந்தப் பெருமையில்தான் ஒன்றைக் கவனிக்காமல் விட்டேன். உனக்குத் தெரியும், இந்தத் தோட்டத்தில் சத்தமாக வாசிக்கப்படுகிற காகிதம் ஒன்றுதான், ஊரிலிருந்து வருகிற கடிதம். நான்தான் எல்லாருக்கும் வாசிக்கிறேன். கடிதத்துக்கு உரியவர்கள் எதிரே உட்கார்ந்து உறையைக் கையில் பிடித்துக்கொள்வார்கள், மற்றவர்கள் சுற்றி நிற்பார்கள், வாசித்து முடிந்ததும் பதில் சொல்லுவார்கள், நான் எழுதுவேன். ஆகையால் உன் கதையையும் அவர்கள் நீளமான ஒரு கடிதம் என்றே கேட்டிருக்கிறார்கள். செல்லத்தாய்க்குப் பழங்கஞ்சி கொடுத்த அந்த மாமிக்காரிக்கு நாலு வார்த்தை எழுதிப் போடுங்க ஐயா, நாங்க எல்லாரும் கேட்டோம்ன்னு அவளுக்குத் தெரியட்டும் என்று லயத்து முருகையா சொன்னபோது நான் சிரித்தேன். இது கதையப்பா, நடந்ததல்ல என்று சொன்னேன். ஆமாங்க ஆமாங்க என்று தலையாட்டினார்கள். அடுத்த ஞாயிறு வந்ததும் புள்ள இப்ப எப்புடி இருக்காம் என்று கேட்டார்கள். நானும் பிறகு திருத்தவில்லை. திருத்தினால் கூட்டம் குறையுமோ என்கிற பயம்தான், வேறென்ன, உன்னிடம் மறைக்க என்ன இருக்கிறது.

ஆறாம் அதிகாரம் வந்தது. நீ எழுதியதை உனக்கே சொல்லுகிறேன் என்று எண்ணாதே, அது இங்கே எப்படி விழுந்தது என்பதற்காகச் சொல்லுகிறேன். செல்லத்தாயை விட்டுத் தூர தேசம் போகும் தாய் தன் சேலைத் தலைப்பைக் கிழித்து அதில் ஐந்து முடிச்சுப் போட்டுக் கொடுக்கிறாள், பொங்கலுக்கு ஒன்றாக அவிழ், கடைசி முடிச்சை அவிழ்க்குமுன் வந்துவிடுவேன் என்கிறாள். பிள்ளை நாலு முடிச்சை அவிழ்க்கிறது. ஐந்தாவதை மாத்திரம் ஒவ்வொரு பொங்கலுக்கும் காலையில் அவிழ்த்துச் சாயங்காலம் மறுபடியும் போட்டுவிடுகிறது, அவிழ்த்தபடியே விட்டால் அம்மா பொய்க்காரி ஆகிவிடுவாள் என்று. இந்த இடம் வரைக்கும் வாசித்தேன். தலையை நிமிர்த்தினால் மூக்காயி எழுந்து நிற்கிறாள். அழகையா கங்காணியின் ஆட்களில் கொழுந்து எடுக்கிறவள், அதிகம் பேசாதவள், இந்தக் கதைக்கு முன்னால் நம் கோயில் பக்கமே வராதவள். எத்தன முடிச்சுன்னு படிச்சீங்க ஐயா என்று கேட்டாள். ஐந்து என்றேன். இன்னொரு தரம் படிங்க என்றாள். நாலு தரம் வாசித்தேன். அவள் அழவில்லை. முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு லயத்துக்குப் போய்விட்டாள், மறுநாள் காலையில் வேலைக்குப் பேர் கூப்பிடுகிற பெரட்டுக்கு வரவில்லை.

சாயங்காலம் நம் வீட்டுக்கு வந்து அம்மாவிடம் எல்லாம் சொன்னாள். துறையூர்ப் பக்கத்துக்காரி, புருஷன் செத்த வருஷம் கங்காணியோடு புறப்பட்டிருக்கிறாள். ஆறு வயசு மகள் வீராயிக்கு அப்போது காய்ச்சல், கப்பல் ஏற விடமாட்டார்கள் என்று கங்காணி சொன்னதால் அண்ணன் வீட்டில் விட்டு வந்தாள். ஐந்து வருஷம் என்றுதான் அவளிடம் சொல்லியிருந்தார்கள். அவள் ஐந்து முடிச்சுப் போட்டாள். இப்போது ஏழு பொங்கல் போய்விட்டது. நாலு வருஷத்துக்கு முன்னால் அவள் அண்ணன் எழுதிய கடைசிக் கடிதத்தை வாசித்தவனும் நான்தான், பிள்ளை எங்களிடம் இல்லை, மேற்கொண்டு விசாரிக்க வேண்டாம் என்று இரண்டே வரி. உறையைக் கையில் வைத்துக்கொண்டு அவள் அடுத்த வரிக்காகக் காத்திருந்தது எனக்கு நினைவிருக்கிறது.

நான் என்னால் ஆனமட்டும் சொல்லிப் பார்த்தேன். மூக்காயி, இது ஜனங்களுக்குப் புத்தி சொல்வதற்காகக் கட்டிய கதை, வேறு யாருமல்ல, என் மகள்தான் எழுதினாள் என்றேன். அதைச் சொல்லித் தேற்றலாம் என்று நினைத்த என் புத்தியை என்ன சொல்ல. ஒங்க மகளா எழுதுனாங்க, அப்ப அவுங்களுக்கு எம் புள்ளயத் தெரியும்ங்க என்றாள். கதையில் பிள்ளையின் பேர் வேறே என்றேன். ஒங்க கோயில்ல சேர்ந்தா பேர மாத்துறதுதானுங்களே என்றாள். அந்தத் துணியப் பத்தி நான் இந்தத் தோட்டத்துல ஒருத்தர்கிட்டயும் வாய் தொறக்கல, ஒங்க மக எங்க பார்த்தாங்க என்று கேட்டாள். அம்மாவும் அதே கேள்வியோடு என் முகத்தைப் பார்த்தாள்.

அன்றிலிருந்து அவள் ஒரு ஞாயிறும் தவறுவதில்லை, முன்வரிசையில் உட்காருகிறாள், வாசிக்கிறபோது புஸ்தகத்தின் அட்டையை ஒரு விரலால் தொட்டுக்கொண்டிருக்கிறாள், உறையைப் பிடிக்கிறதுபோல. பதினோராம் அதிகாரத்தில் செல்லத்தாய்க்குக் காய்ச்சல் கண்டதும் ஜனங்கள் மாரியம்மன் கோயிலில் அவளுக்காக மாவிளக்குப் போட்டார்கள், அதை நீ கேட்டுச் சிரிக்கலாம், எனக்குச் சிரிப்பு வரவில்லை. பன்னிரண்டாம் அதிகாரத்தை நான் இன்னும் வாசிக்கவில்லை. ஒரு வாரம் தொண்டைக்கட்டு என்றேன், ஒரு வாரம் பசறையில் கூட்டம் என்று போய்விட்டேன், போன ஞாயிறு காற்றில் பக்கம் நிற்கவில்லை என்றேன். கடைசில என்னா இருக்குங்க ஐயா என்று என்னைத் தனியாகக் கேட்டாள். நானே இன்னும் பார்க்கவில்லை என்றேன். உபதேசியார் வாயால் சொன்ன பொய் அது.

அவள் என்னை நம்பவில்லை என்பது பிறகுதான் தெரிந்தது. அம்மாவிடம் ஒரு புஸ்தகம் கேட்டு வாங்கி, மடியில் கட்டிக்கொண்டு, பதுளைக்கு நடந்து மொஹிதீன் நானாவிடம் போய்க் கடைசியைப் படிக்கச் சொல்லியிருக்கிறாள். அவர் பக்கங்களைப் புரட்டிப் பார்த்துவிட்டு, கண்ணாடி வீட்டில் இருக்கிறது, இன்னொரு நாள் வா புள்ள என்று அனுப்பிவிட்டார். சாமான் வாங்கப் போனபோது என்னைப் பிடித்துக்கொண்டார். நோன்பும் அதுவுமாக என்னைப் பொய் சொல்ல வைத்துவிட்டீர்களே உபதேசியார், அந்தப் பொம்பளை முகத்துக்கு நேரே அதை எந்த மனுசன் வாசிப்பான் என்று கேட்டார். கண்ணாடி அப்போது அவர் நெற்றியில்தான் இருந்ததாம். மூக்காயி அதையும் பார்த்துவிட்டுத்தான் வந்திருக்கிறாள், வந்து அம்மாவிடம் அதை மட்டும் சொன்னாள்.

இப்போது அக்டோபர் முதல் வாரத்தில் அழகையா கங்காணி ஆள் கூட்டிவர ஊருக்குப் போகிறார், நானும் போறேன் என்று பேர் கொடுத்துவிட்டாள். துறையூருக்கு அல்ல, உன் விடுதி வாசலுக்கு. போகாதே என்று சொல்ல எனக்கு அதிகாரமில்லை, போ என்று சொல்லவும் தைரியமில்லை. ஆகையால் எனக்கு நீ பதில் சொல்ல வேண்டும். அந்த முடிச்சுத் துணியை நீ எங்கே பார்த்தாய்? நீயாக யோசித்ததானால் அதைச் சொல், அவள் காலில் விழுந்து நான் மன்னிப்புக் கேட்கிறேன், ஞாயிற்றுக்கிழமை வாசிப்பையும் நிறுத்திவிடுகிறேன். உன் விடுதியில் ஒரு பிள்ளை அதை வைத்திருந்ததைப் பார்த்து எழுதினாயானால், அந்தப் பிள்ளையிடம் கேட்டுத்தான் எழுதினாயா, அதை உன் மனசாட்சிக்கு விடுகிறேன். மற்றதைத்தான் எனக்குச் சொல்ல வேண்டும். பன்னிரண்டாம் அதிகாரமும் நீ பார்த்ததுதானா? அல்லது மிஷனில் கதை அப்படித்தான் முடிய வேண்டும் என்று சொன்னதற்காக முடித்தாயா? உயிரோடிருக்கிற பிள்ளையைப் புஸ்தகத்துக்காக நீ சாகடித்திருந்தாயானால், மகளே, அதற்காக உன்மேல் எனக்குக் கொஞ்சமும் கோபமில்லை, முழங்காலில் நின்று கர்த்தரைத் துதிப்பேன். என் மகள் பொய் எழுதியிருக்க வேண்டும் என்று ஜெபிக்கிற நாள் வரும் என்று நான் நினைக்கவேயில்லை.

உன்னைக் குற்றப்படுத்துவதற்காக இதை எழுதவில்லை. இந்த ஜனங்கள் எதைக் கேட்டும் இப்படி உட்கார்ந்ததை நான் பார்த்ததில்லை, அது உன் கையால் நடந்தது. ஆனால் நீ எழுதுவதை எங்கேயோ ஒரு கொட்டகையில் ஒருத்தி விரலால் தொட்டுக்கொண்டு கேட்கிறாள் என்பதை இனிமேல் நினைத்துக்கொள்.

இந்த உறைக்குள் ஒரு சிவப்புத் துணித்துண்டு இருக்கிறது, தூக்கிப் போட்டுவிடாதே. நேற்று மூக்காயி தன் சேலையில் கிழித்து, ஒரே ஒரு முடிச்சுப் போட்டுக் கொண்டுவந்தாள். புள்ள இருந்தா கையில குடுக்கச் சொல்லுங்க, அவளே அவுத்துக்கட்டும் என்றாள். இல்லாவிட்டால் என்ன செய்வதென்று அவள் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

அம்மா உனக்குத் தன் முத்தங்களைச் சொல்லச் சொன்னாள், எள்ளுருண்டை அனுப்ப ஆள் கிடைக்கவில்லையாம். உன்னையும் உன்னிடம் விடப்பட்ட பிள்ளைகளையும் கர்த்தர் தம்முடைய சிறகின் நிழலிலே வைத்துக்கொள்வாராக. உன் கையின் பிரயாசத்தை அவர் ஆசீர்வதிப்பாராக.

பதில் எழுதுகிறபோது ஒன்றை மறவாதே. இந்தக் கடிதம் எட்டு நாளில் உன்னிடம் வரும், அன்றைக்கே நீ எழுதினால் மாதக் கடைசிக்குள் இங்கே கிடைக்கும். உன் உறையை நான் தனியாக உடைக்க முடியாது. மூக்காயி எதிரே உட்கார்ந்து அதைப் பிடித்துக்கொண்டிருப்பாள். அவளுக்கு எழுத்துத் தெரியாது, ஆனால் வாசிக்கிறவனுடைய கண் எந்த வரியில் தயங்குகிறது என்று பார்க்கத் தெரியும், நானா கடையில் அதைத்தான் பார்த்தாள். ஆகையால் அப்பா சுகமா அம்மா சுகமா என்று எழுதி என் கண்ணை அலைய விடாதே, நாங்கள் சுகமாகவே இருக்கிறோம். முதல் வரியில் அந்தப் பிள்ளையை எழுது.

உன் பிரியமுள்ள அப்பா,
தா. மாசிலாமணி, உபதேசியார்.