ஒரே தலைக்கு இரண்டு வேண்டுதல்

திருத்தணி
25-5-2025

அன்பு மகள் அனுராதாவுக்கு நைனா எழுதுவது. இங்கே நான், அம்மா, அம்மாவின் முட்டிவலி மூவரும் சௌக்கியம். கடல் தாண்டி இருக்கும் நீயும் மழையில் நனையாமல், வேளைக்குச் சாப்பிட்டு, சௌக்கியமாக இருக்க மலைமேல் இருப்பவர் பார்த்துக்கொள்வார். அவருக்கும் எனக்கும் இப்போது கணக்கு கொஞ்சம் சிக்கலில் இருக்கிறது. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

ஒரு வாரமாக நைனா வீடியோ காலில் முகம் காட்டவில்லையே, கோபமா, கல்யாணத்துக்கு முடியாது என்று சொல்லப்போகிறாரா என்று நீ அம்மாவிடம் கேட்டு அழுதாயாம். கோபம் இல்லை அம்மா, மொட்டை. இதை போனில் சொல்லியிருக்கலாம், ஆனால் உன் அம்மா போனை ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவாள், நான் சொல்லப்போகும் விஷயம் எதிர்வீட்டுக்குத் தேவையில்லாதது. நாற்பது வருஷம் பத்திரம் எழுதியவன், முன் வரலாறு இல்லாமல் ஒரு வரி எழுதக் கை வராது. உனக்குத் தெரிந்ததையே திரும்பச் சொன்னால் பொறுத்துக்கொள்.

ஜனவரியில் நீ மூன்று பக்கத்துக்கு ஒரு பயோடேட்டா அனுப்பினாய். பெயர் ரோமெல் டகாங்கன், வயது முப்பத்தாறு, பிலிப்பைன்ஸில் செபுவுக்குப் பக்கத்துத் தீவில் வக்கீல், இப்போது கவுன்சிலர், மே மாதம் மேயருக்கு நிற்கிறார், இவரைத்தான் கட்டிக்கொள்வேன், நைனா சம்மதம் வேண்டும் என்று கடைசி வரி. உன் வாடகை ஒப்பந்தத்துக்கு அட்டெஸ்டேஷன் செய்து கொடுத்தவர் என்றும் எழுதியிருந்தாய். வாடகை ஒப்பந்தத்தில் தொடங்கிய உறவுதானே, பதினோரு மாதத்தில் காலாவதியாகிவிடும் என்று நான் பேசாமல் இருந்தேன். இரண்டு வருஷம் ஆகிவிட்டதாக அம்மா பிறகுதான் சொன்னாள். பயோடேட்டாவை நான் ஒரு சொத்துப் பத்திரம் போலத்தான் படித்தேன். அப்பா ஜீப்பு ஓட்டியவர், அம்மா சந்தையில் மீன் விற்றவர், பகலில் கடையில் வேலை, ராத்திரியில் சட்டப் படிப்பு, வக்கீல் பரீட்சையில் மூன்றாம் முறை தேர்வு. இரண்டு முறை தோற்றதைக்கூட எழுதியிருந்தார். மாப்பிள்ளை ஜாதகத்தில் வில்லங்கத்தைத் தாமே எழுதித் தருகிற ஆளை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. பிறகு, ஒரு ஓட்டல்காரன் கடற்கரையை மறித்துச் சுவர் எழுப்ப, மீனவர்களுக்காக வழக்காடிச் சுவரை இடிக்க வைத்தார், அவர்களே பிடித்துத் தள்ளிக் கவுன்சிலராக்கிவிட்டார்கள். எதிர்த்து நிற்பது இருபத்தேழு வருஷமாக மேயர் வீடு என்றே பெயர் வாங்கிய குடும்பம். அப்பா ஒன்பது வருஷம், தொடர்ந்து மூன்று முறைக்கு மேல் கூடாது, எழுந்திரு என்று சட்டம் சொன்னபோது நாற்காலி சூடு ஆறாமல் மனைவி மூன்று வருஷம், மறுபடி அப்பா ஒன்பது, இப்போது மகன் ஆறு முடித்துவிட்டு மேலும் கேட்கிறான். இதைப் படித்ததும் அந்த ஊர் எனக்கு அந்நியமாகத் தோன்றவில்லை. ரோமெல் இழவு வீடு ஒன்று விடாமல் போவார், ஞானஸ்நானத்துக்கு முன்னின்ற வகையில் நூற்று நாற்பத்து மூன்று குழந்தைகளுக்கு ஞானத்தகப்பன், ஓட்டுச்சீட்டில் செல்லப்பெயரும் போடலாமாம், இவருடையது டோங்டோங். வக்கீலைப் பொறுத்துக்கொள்வேன், அரசியல்வாதியையும் பொறுத்துக்கொள்வேன், இரண்டும் ஒரே ஆளாக வந்து டோங்டோங் என்று கையெழுத்துப் போட்டால் யோசிக்க அவகாசம் வேண்டாமா. தேர்தல் முடியட்டும், சொல்கிறேன் என்றேன்.

அதற்குள் உன் மாமன் ஜம்புலிங்கம் புகுந்துவிட்டான். அவன் கடையில் பேனர் அடிக்காத நிகழ்ச்சி இந்தத் தாலுகாவில் இன்னும் நடக்கவில்லை என்பது உனக்குத் தெரியும். என் மேசைக்கு முன்னால் வந்து நின்று, “இன்னா பாவா, நம்ம ஊட்டு மாப்ள மேயருக்கு நிக்கிறாரு, நீ இன்னாடானா கிரயப் பத்திரம் எழுதிகினு குந்திகினு இருக்குற” என்றான். இன்னும் மாப்பிள்ளை ஆகவில்லை, ஓட்டுப் போடுகிறவன் எவனும் இந்தத் தெருவில் இல்லை என்று இரண்டு சட்ட நுணுக்கங்களைச் சொன்னேன். “ஓட்டுக்கா பேனரு வைக்கிறோம், ஒரு கெத்துக்குத்தான் பாவா” என்று போய்விட்டான். மறுநாள் அவன் கடை மாடியில் இருபதடி எழுந்து நின்றது. ‘பிலிப்பைன்ஸ் திருநாட்டின் விடிவெள்ளியே! சுவரை இடித்த சட்டச் சிங்கமே! வருங்கால மேயர் அட்டர்னி டோங்டோங் அவர்களே! திருத்தணி உங்களை வணங்குகிறது!’ நீ அனுப்பிய படத்தில் அவர் அரைக்கால் சட்டையில் இருந்தாராம், அது மரியாதை இல்லை என்று தலையை மட்டும் எடுத்து, போன மாதம் கல்யாணம் முடித்த யாரோ ஒரு பையனின் பட்டு வேட்டி உடம்பில் ஒட்டிவிட்டான். கழுத்தில் மாலையும் அப்படியே இருந்தது. கீழ் வரிசையில் குடும்பப் படங்கள், நடுவில் ஜம்புலிங்கம் காதில் போனோடு, மாப்பிள்ளையைவிடக் கொஞ்சம் பெரியதாக.

அதற்குப் பிறகு நான் நிம்மதியாகப் பத்திரம் எழுதவில்லை. கட்சிக்காரர் ஒருவர் வந்து இவர் எந்தக் கூட்டணி என்று கேட்டார். ஜம்புலிங்கம் தனித்து நிற்கிறார் என்று சொல்லிவிட்டான். அவர் முகம் வாடி, “அய்யய்யோ, ஓட்டு பிரியுமேங்க” என்று கவலையோடு போனார். அடுத்தது படிக்கட்டு அடிவாரத்தில் தேங்காய் பழத் தட்டு விற்கும் ரத்தினம்மாள். டோங்டோங்குக்கு ஒரு மனு எழுதித் தா என்று உட்கார்ந்துவிட்டாள். அவர் இந்த ஊர் ஆள் இல்லை என்றேன். “எந்த ஊர் ஆளு நமக்கு செஞ்சான், இவனையுந்தான் கேட்டுப் பாப்போமே, எழுதுங்க” என்றாள். மனு, மலைக் குரங்குகள் மீது. வியாபார நேரத்தில் கூட்டமாக வந்து பழம் அபகரிக்கின்றன, தட்டிக் கேட்டால் பல்லைக் காட்டுகின்றன, தகுந்த நடவடிக்கை வேண்டும். நான் வேடிக்கையாக உனக்கு அனுப்பினேன், நீ அவரிடம் கொடுத்துவிட்டாய். பிரசாரம் உச்சத்தில் இருந்த நேரம், அந்த மனிதர் தன் லெட்டர்பேடில் கையெழுத்துப் போட்டு ரத்தினம்மாளுக்குப் பதில் எழுதியிருந்தார். குரங்குகளைப் பிரதிவாதிகளாகச் சேர்க்க இயலாது, அவற்றுக்கு நிலையான முகவரி இல்லை, எங்கள் ஊர்ச் சந்தையிலும் இதே தொல்லை, தட்டை எதையாவது போட்டு மூடுவதைத் தவிர எனக்கு வழி தெரியவில்லை, உங்களுக்கு இதைவிட உதவ முடியாததற்கு வருந்துகிறேன். நான் தமிழில் படித்துச் சொன்னதும் ரத்தினம்மாள் கடிதத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். “பதிலு போட்டான் பாரு, அவன்தான் மனுசன். எந்த இஸ்கூல்ல ஓட்டு போடணும், சொல்லுங்க, காலைலயே போட்டுட்டு வந்துடறேன்” என்றாள். வாக்குறுதி ஒன்றுகூட இல்லாத அரசியல்வாதியின் கடிதத்தை நான் வாழ்நாளில் முதல் முறையாகப் படித்தேன். இவர் தோற்பார் என்று அன்றே எனக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்த பிறகும் நான் சும்மா இருக்கவில்லை என்பதுதான் இந்தக் கடிதத்தின் கஷ்டமான இடம்.

மே பன்னிரண்டாம் தேதி உங்கள் ஊரில் ஓட்டுப் பதிவு. அன்று காலை, முந்நூற்று அறுபத்தைந்து படியும் நடந்து ஏறி, அவர் தோற்றால் முடி இறக்குகிறேன் என்று முருகனிடம் வேண்டிக்கொண்டேன். ஆமாம், தோற்றால். நிறமோ மதமோ காரணம் இல்லை, அது உனக்கே தெரியும். ஏறும்போது எனக்கு வேறு ஒரு கணக்கு ஓடிக்கொண்டிருந்தது. மேயர் பதவி மூன்று வருஷம், தொடர்ந்து மூன்று முறை நிற்கலாம், மொத்தம் ஒன்பது. எனக்கு இப்போது அறுபத்து நான்கு. மேயர் பெண்டாட்டிக்குத் திறப்பு விழா இருக்கும், இழவு வீடு இருக்கும், நூற்று நாற்பத்து மூன்று ஞானப்பிள்ளைகள் இருக்கும், திருத்தணி இருக்காது. தோற்றால் வெறும் வக்கீல். வெறும் வக்கீல் வாய்தா வாங்கிக்கொண்டாவது மாமனார் வீட்டுக்கு வந்து போவான். இதுதான் என் உள்நோக்கம். தகப்பன் மகளுக்கு எதிராக மனுப் போட்டிருக்கிறான் என்று படிக்கும்போது உனக்கு எப்படி இருக்கும் என்று தெரியும். எழுதும்போது எனக்கும் அப்படித்தான் இருக்கிறது.

எண்பத்தேழு ஓட்டில் தோற்றார் என்று நீ அழுதுகொண்டே சொன்னாய். எண்பத்தேழு. நான் ஏறிய படிகளில் கால்வாசிக்கும் குறைவு. முருகனுக்கு அது ஒரு விரல் அசைவு, நான் போய்க் கேட்காமல் இருந்திருந்தால் அசைத்திருக்க மாட்டாரோ என்று நான்கு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. ஐந்தாம் நாள் மலைக்குப் போய் முடி இறக்க வேண்டும் என்று அம்மாவிடம் சொன்னேன். அவள் திடுக்கிட்டு, “அவுருதான் தோத்துட்டாரே, நீங்க ஏன் எறக்கணும், அது உங்களுக்கு எப்பிடித் தெரியும்” என்றாள். விசாரித்தால், அவர் ஜெயித்தால் என் முடியை இறக்குவதாக அவளும் வேண்டியிருக்கிறாள். ஒரே சொத்தை இரண்டு பேர் இரண்டு நிபந்தனையில் ஒருவருக்கே எழுதி வைத்திருக்கிறோம், வாங்குகிறவர் எந்தப் பக்கமும் நஷ்டப்படாதபடி. என் தலையை என்னைக் கேட்காமல் எப்படி எழுதலாம் என்றேன். “உங்க தலையக் கேட்டுகினா நான் முப்பத்திமூணு வருசமா குடும்பம் நடத்திகினு இருக்கேன்” என்றாள். அப்புறம்தான் என் வேண்டுதல் எந்தப் பக்கம் என்று கேட்டாள். சொன்னேன். இரண்டு நாள் எனக்கு உப்புமாதான். பதினெட்டாம் தேதி மொட்டை ஆயிற்று. சந்தனம் தடவிவிடக்கூட அவள் வரவில்லை, ஜம்புலிங்கம்தான் தடவினான், கண்ணெல்லாம் தடவினான்.

இதற்கு நடுவில் உன் ஃபோட்டோ ஒன்று வந்தது. தோற்ற மறுநாளே அட்டர்னி ஏணி போட்டு, தன் முகம் போட்ட பேனரைத் தானே அவிழ்க்கிறார். ஊர் முழுக்க இருப்பதைக் கழற்றினால்தான் வீட்டுக்கு வருவேன் என்கிறார், கழற்றியதை மீனவர்களுக்கு வலை மூடக் கொடுக்கிறார் என்று எழுதியிருந்தாய். கீழே நீ இரண்டு கையாலும் ஏணியைப் பிடித்துக்கொண்டு, வெயிலில் கண்ணைச் சுருக்கி அண்ணாந்து பார்த்துக்கொண்டிருக்கிறாய். இந்தத் தெருவில் பேனர் கட்டியவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். கட்டியதை அவிழ்த்தவன் காற்று ஒருவன்தான். அந்தப் படத்தை நான் பலமுறை பார்த்தேன், உண்மையைச் சொன்னால் அவரைவிட உன்னைத்தான் பார்த்தேன். அழுத முகம் மாதிரி இல்லை. அந்த ஏணியை விட்டு நீ எங்கேயும் வரப்போவதில்லை, அவர் ஜெயித்தாலும் தோற்றாலும், நான் முடி இறக்கினாலும் இறக்காவிட்டாலும், என்று அப்போதுதான் விளங்கியது.

ஜம்புலிங்கம் அதற்குள் பழைய பேனருக்கு மேல் ‘தோற்கவில்லை, பதுங்குகிறார்’ என்று ஒரு பட்டை ஒட்டத் தயாராக இருந்தான். வியாழக்கிழமை நான் போய் அவன் ஏணியை வாங்கி நானே ஏறினேன். “பாவா, எறங்கு பாவா, மொட்டையடிச்சவன் மாடியில நின்னா ஜனங்க வேற மாதிரி நினைப்பாங்க” என்று கத்தினான். நான்காவது முடிச்சை அவிழ்க்கும்போது ஏணி ஆடவில்லை என்று கவனித்தேன். கீழே பார்த்தால் உன் அம்மா, உன் ஃபோட்டோவில் நீ நின்ற மாதிரியே நின்றுகொண்டிருந்தாள், திட்டு மட்டும் கூடுதல். அந்த பேனர் இப்போது ரத்தினம்மாளிடம் இருக்கிறது. அட்டர்னி சொன்னபடி தட்டை மூடிக்கொள் என்று கொடுத்தேன். மூன்று நாளாகக் குரங்குகள் தள்ளி உட்கார்ந்து பார்ப்பதோடு சரி. அவை பயந்தது மாப்பிள்ளை முகத்துக்கா, கீழ் வரிசையில் போனோடு இருக்கும் ஜம்புலிங்கத்தின் முகத்துக்கா என்பது விசாரணையில் இருக்கிறது. ரத்தினம்மாள் அந்தச் சந்தேகமே படவில்லை, டோங்டோங் சொன்னான், செய்தான் என்று வருகிறவர்களிடம் எல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறாள். பதவி இல்லாமலே ஒரு மனுவை முடித்துவிட்டார் என்று அவரிடம் சொல்.

ஆகவே, திருத்தணி நகரில் வசிக்கும் பரசுராமன் ஆகிய நான், சுயநினைவோடும், முழு மனதோடும், பிறர் தூண்டுதல் இன்றியும் எழுதிக்கொடுக்கும் சம்மதம் என்னவென்றால், என் மகள் அனுராதா அவள் விரும்பிய அட்டர்னி ரோமெலை மணந்துகொள்ளலாம், அந்தத் தீவில் ஒன்பது வருஷமோ தொண்ணூறு வருஷமோ இருக்கலாம். இனி அவர் எந்தத் தேர்தலில் நின்றாலும் நான் மலை ஏறுவது தரிசனத்துக்கு மட்டுமே. சாட்சி என் மனைவி மனோரமா, சாட்சி ஜம்புலிங்கம்.

நீங்கள் இருவரும் தீர்க்காயுசாக, ஒருவர் ஏறும்போது ஒருவர் ஏணியை விடாமல் இருக்க எங்கள் ஆசீர்வாதம். கறிவேப்பிலைப் பொடியும் பருப்புப் பொடியும் அம்மா தனிப் பார்சலாக அனுப்பியிருக்கிறாள், ஈரக் கையால் எடுக்காதே. நூற்று நாற்பத்து மூன்று பேரையும் கல்யாணத்துக்கு அழைத்துவிட வேண்டாம் என்று பக்குவமாகச் சொல். வேண்டுதல் விஷயத்தை மட்டும் நீ அவரிடம் சொல்லாதே, நானே நேரில் சொல்லி மன்னிப்புக் கேட்கிறேன். வக்கீல் ஆதாரம் கேட்பார், இருக்கும் ஒரே ஆதாரம் என் மொட்டை, அதில் இப்போதே முடி முள்ளு முள்ளாக வளர ஆரம்பித்துவிட்டது. மறைவதற்குள் கூட்டிக்கொண்டு வா.

இப்படிக்கு,
உன் நைனா
பரசுராமன், பத்திர எழுத்தர்