இறுக்கிக் கட்டிய கால்

என் மொட்டச்சிக்கு,

செத்துப்போன தங்கச்சியை இப்படியா கூப்பிடுவது என்று படிக்கிறவர்கள் நினைப்பார்கள். நினைக்கட்டும். எனக்கு உன்னை வேறு பெயரில் கூப்பிட்டுப் பழக்கமில்லை.

உன் மகள் கவிதாவைப் பற்றிச் சொல்லத்தான் எழுதுகிறேன். சித்திரையில் ஸ்ரீபெரும்புதூர் கம்பெனி வேலைக்குப் போகும்போது பஸ் படியில் வழுக்கி விழுந்தாள். முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்துவிட்டது. பயப்படாதே, முழுசாகப் படி.

வாலாஜாபாத் பக்கம் எலும்புக்குக் கட்டுப் போடுகிறவரிடம் தூக்கிக்கொண்டு போனேன். மூங்கில் தப்பை வைத்துக் கட்டிவிட்டு, "இத யாரும் தொடக்கூடாதும்மா" என்றார். நான் கேட்டேனா? தறியில் பாவு நூல் தொய்ந்தால் புடவை போச்சு என்று முப்பது வருஷம் பழகிய கை இது. தினமும் காலையில் தறிக்குழியில் இறங்குமுன் கட்டைத் தொட்டுப் பார்ப்பேன். தளர்ந்த மாதிரி இருந்தால் இழுத்து முடிச்சுப் போடுவேன். இறுக்கினால் சீக்கிரம் ஒட்டும் என்று நினைத்தேன். காட்டப் போகும் ஒவ்வொரு தடவையும் அவர் அவிழ்த்துப் பதமாகக் கட்டி அனுப்புவார். வீட்டுக்கு வந்ததும் நான் இறுக்குவேன்.

"பெரீம்மா, வெரலு மரத்துப்போவுது. இது இன்னா, காலா, உன் தறியா?"

"வாய மூட்றி. நொண்டியாத் திரியணுமா?"

இரண்டு மாதமாகியும் ஒட்டவில்லை. விரல்கள் வெளுத்துச் சில்லிட்டிருந்தன. பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். அங்கே ஒரு சின்னப் பெண்தான் டாக்டர்.

"உடைஞ்ச எடத்துக்கு மொதல்ல புதுசா ரத்தக்குழாய் வளர்ந்து போகணும்மா. அது போன வழியிலதான் எலும்பு வளரும். எலும்பும் சும்மா இருக்காது, இன்னும் வா, இன்னும் வான்னு ரத்தக்குழாயக் கூப்பிட்டுக்கிட்டே இருக்கும். ஒண்ணு இல்லாம இன்னொண்ணு இல்ல. நீங்க இறுக்கி இறுக்கி வழிய அடைச்சிட்டீங்க."

மாவுக்கட்டு போட்டுவிட்டு, ஆறு வாரம் பார்க்கலாம், அப்போதும் சேராவிட்டால் அறுத்துக் கம்பி வைக்கவேண்டும் என்றாள். இடுப்பிலிருந்து எலும்பு எடுத்து அங்கே ஒட்டவேண்டுமாம்.

நீ என் கையில் கொடுத்துவிட்டுப் போன பிள்ளை. அந்தக் கையாலேயே முடமாக்கிவிட்டேனா என்று அந்த ஆறு வாரமும் எனக்குச் சோறு இறங்கவில்லை.

போன செவ்வாய்க்கிழமை எக்ஸ்ரே எடுத்தார்கள். முறிந்த இடத்தைச் சுற்றி வெள்ளையாக, புகை படிந்த மாதிரி இருந்தது. டாக்டர் விரலால் தொட்டுக் காட்டினாள்.

"ரத்தம் அங்க போய்ச் சேர்ந்திடுச்சும்மா. இதோ, புது எலும்பு."

"கம்பி வேணாமா டாக்டர்?"

"வேணாம். நீங்க கையக் கட்டிக்கிட்டு இருந்தாலே போதும்."

கவிதா விழுந்து விழுந்து சிரித்தாள். வரும் வழியில் ஆட்டோவில், தப்பு என்னுடையதுதான் என்று அவளிடம் சொன்னேன்.

"எனுக்குத் தெரியாதா? நீ தறியில எறங்கனதும் நான் கொஞ்சம் தளத்திக்குவேன். அதான் வெரலாச்சும் மிஞ்சிச்சி."

"ஏண்டி சொல்லல?"

"சொன்னா நீ இன்னொரு முடிச்சி போட்டுக்கினு இருப்ப."

நன்றாக நடக்க ஆரம்பித்ததும் ஸ்ரீபெரும்புதூரிலேயே ஹாஸ்டலில் தங்கப்போகிறாளாம். எனக்கு அனுப்ப மனசில்லை. ஆனாலும் தடுக்கமாட்டேன். உன்மேல் ஆணை.

ஒன்று மட்டும் கேட்கவேண்டும். பெற்றவள் நீ. என் இடத்தில் இருந்திருந்தால் அந்தக் கட்டைத் தொடாமல் இருந்திருப்பாயா?

இப்படிக்கு,
உன் மகளுக்குப் பெரியம்மா