படலைக்குள் அகப்பட்ட நாய்கள்

காலை ஆறேகால் மணிக்குச் செய்தி வந்தது. வேலிக்கு அந்தப் பக்கம் நின்று செல்லம்மாக்கா கூப்பிட்டார்.

"தம்பி, எழும்பி வாரும். உங்கடை நாகு கண்டு போட்டிட்டுது. நாயளும் வந்திட்டுது."

எந்த நாகு என்று உமக்குச் சொல்லத் தேவையில்லை. இடது காது கிழிந்த அந்த இளம் பசுதான். நான் கொட்டிலுக்குப் போனபோது அவள் கன்றை நக்கிக்கொண்டு நின்றாள். ஈரமும் இரத்தமும் வைக்கோலும் கலந்த அந்த மணம் குப்பென்று வந்தது. நீர் கண்ணை மூடிய பிறகு எனக்கு எந்த மணமும் எட்டியதில்லை. சாம்பிராணி, சோறு, மழை எல்லாம் ஒன்றுதான். பார்க்க வருகிறவர்கள் அழுதுவிடச் சொல்கிறார்கள். அழவும் வரவில்லை. இந்த மணம் மட்டும் நேரே உள்ளே போனது. அதன் பின்னால் இவள் பிறந்த அந்த மத்தியானம் முழுவதும் ஓடி வந்தது. கொட்டில் வாசலில் குந்தியிருந்து உமக்கு எழுதுகிறேன், எழுத்துக் கோணினால் பொறுத்துக்கொள்ளும்.

அப்போது நமக்குக் கலியாணமாகிச் சில மாதங்கள்தான். உங்கள் வீட்டு வண்டிலுக்குப் பின்னால் சீதனமாக நடந்து வந்த பசு சிவப்பிக்கு அது முதற்கன்று. நகையைப் பற்றிக்கூட நீர் அவ்வளவு கதைத்ததில்லை. கன்று நாகாக, பெண்ணாக இருக்க வேண்டும், அது உயிரோடு வளர வேண்டும் என்பதே உமக்குக் கதை. முந்திய வருடம் உங்கள் வீட்டில் வேறொரு மாடு போட்ட கன்றை நாய்கள் கடித்துக் கொன்றதை எத்தனை தரம் சொல்லியிருப்பீர்.

சந்தைப் பக்கத்துக் கட்டாக்காலி நாய்களுக்கு மாடு ஈனுவது எப்படித்தான் தெரியுமோ. அவை வருவது இளங்கொடிக்காக. கன்றுக்குப் பின்னால் விழும் அந்தக் கொடியை நாய் தின்றால் பால் வற்றிவிடும் என்று நம்முடைய ஆட்கள் அதைச் சாக்கில் கட்டி ஆலமரத்தில் தூக்கிவிடுவார்கள். ஆனால் கொடி விழுமட்டும் காத்திருக்கிற நாய்க்குப் பக்கத்தில் கிடக்கிற கன்றும் கண்ணில் படும்.

ஆகவே ஊரில் எல்லோரும் செய்வதை நாமும் செய்தோம். வேலியில் ஓட்டையாக இருந்த பொட்டுகளை அடைத்தோம். செல்லம்மாக்கா வீட்டுக்கு நீர் கறிவேப்பிலைக்குப் புகுந்து போகும் பொட்டைக்கூட விடவில்லை. நீர் ஓலை பிடிக்க நான் கட்டினேன். ரோட்டு ஓவசியர் அல்லவா, பாலம் கட்டுகிற கவனத்தோடு கட்டினேன். வாசல் படலைக்குக் கீழும் பலகை வைத்து இறுக்கினேன். இனி எலியும் நுழையாது என்று நான் சொல்ல, நீரும் சுற்றி வந்து பார்த்து ஓம் என்றீர்.

வைக்கோற்போருக்குப் பின்னால் இருவரும் பார்க்கவில்லை. இரண்டு நாய்கள் அங்கே முன்னமே வந்து படுத்திருந்தன.

கன்று விழுந்தது. "நாகு, நாகு" என்று நீர் கையைத் தட்டிய சத்தத்தில் இரண்டும் எழுந்தன. ஒன்று கறுப்பு, மற்றது வரியன். நம்மைக் கண்டதும் அவை ஓடத்தான் பார்த்தன. வேலிக்கு ஓடின, ஓலை. படலைக்கு ஓடின, பலகை. நான் தடியோடு விரட்டினேன். விரட்ட விரட்டக் கொட்டிலைச் சுற்றின. ஒவ்வொரு சுற்றிலும் கன்றுக்குக் கிட்ட வந்தன. சிவப்பி கயிற்றை அறுத்துக்கொண்டு பாய்ந்தாள். வரியனைக் கொம்பால் அள்ளி எறிந்தாள். அது உருண்டு எழுந்து மறுபடி ஓடியது. வெளியே நின்ற நாய்களெல்லாம் குரைத்தன. மூலையில் அகப்பட்ட கறுப்பு, போக வழியில்லாமல் திரும்பி, எழும்பத் தெண்டித்துக்கொண்டிருந்த கன்றின் இடது காதைக் கவ்வியது.

நான் தடியை ஓங்கினேன். நீர் என்னைப் பார்த்துத்தான் கத்தினீர்.

"அடியாதேங்கோ! படலையைத் திறவுங்கோ!"

வெளியே அத்தனை நாய் நிற்கும்போது படலையைத் திறப்பதா? எனக்கு விளங்கவில்லை. நீரே ஓடினீர். பலகையைக் காலால் உதைத்துத் தள்ளிப் படலையை அகலத் திறந்துவிட்டு ஒதுங்கி நின்றீர். வெளிச்சத்தைக் கண்ட கறுப்பு காதை விட்டது. உம்முடைய சேலையை உரசிக்கொண்டு பறந்தது. பின்னால் வரியன். அவை ஓடிய ஓட்டத்தைப் பார்த்து வெளியே நின்றவையும் எதற்கென்று தெரியாமல் கூடவே ஓடின.

"போக விட்டா அதுகள் போகுந்தானே," என்றீர், மூச்சு வாங்க.

அதோடு முடியவில்லை. சிவப்பிக்கு அப்போது தடி வைத்திருந்தவன் எல்லாம் எதிரி. என்னைப் பார்த்துத் தலையைக் குனிந்தாள். நான் ஓடிப்போய் ஏறியது முருங்கையில். பாலம் எவ்வளவு பாரம் தாங்கும் என்று கணக்குப் பார்க்கக் கொழும்பில் படித்தவன், முருங்கையில் ஏறினேன். கொப்பு முறிந்து, இலையும் காயுமாகக் கீழே கிடந்தேன். சிவப்பி வந்தாள். மூக்கை வைத்து மணந்து பார்த்தாள். பிறகு என் நெஞ்சில் கிடந்த முருங்கையிலையைத் தின்னத் தொடங்கினாள்.

நீர் படலையடியில் குந்தியிருந்து சிரித்தீர். சிரிப்பு நிற்காமல் கண்ணீர் வந்தது. இதை ஒருவருக்கும் சொல்லக்கூடாது என்று உம்மிடம் சத்தியம் வாங்கினேன். கந்தோருக்குத் தெரிந்தால் நான் எந்த முகத்தோடு வேலைக்குப் போவது?

அதனால்தான் அந்த முருங்கை நமக்கு மட்டும் தெரிந்த கதையென்று இருந்தேன். நீர் போன பிறகு எனக்கு மட்டும் தெரிந்த கதை.

இன்று காலை கன்றுக்குப் பக்கத்தில் தடியோடு நின்றபோது, வேலிக்கு மேலால் செல்லம்மாக்கா எட்டிப் பார்த்தார்.

"பாத்துத் தம்பி. முருங்கைப் பக்கம் ஓடிடாதையும்."

உங்களுக்கு யார் சொன்னது என்று கேட்டேன்.

"ஆர் சொல்லுறது, அவள்தான். கிணத்தடியிலை சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள். தெரியாத ஆள் ஆர் இஞ்சை?"

சத்தியம் செய்துவிட்டு ஊர் முழுக்கச் சொல்லியிருக்கிறீர்! கந்தோரில் பியோன் முருங்கைக்காய் கொண்டுவந்து தரும்போதெல்லாம் ஏன் பல்லைக் காட்டினான் என்று இன்றுதான் விளங்கியது. எனக்குச் சிரிப்பு வந்தது. அடக்க முடியவில்லை. செல்லம்மாக்கா பயந்துபோனார், அவர் எதிர்பார்த்திருந்தது என் அழுகையை.

நீர் சொன்னதை அப்படியே சொல்லுங்கள் என்று கேட்டேன். அவர் வேலிக் கதியாலைப் பிடித்துக்கொண்டு முதலிலிருந்து சொன்னார். நான் சொல்வதுபோல் அல்ல. உம்முடைய கதை நான் விழுந்த இடத்தில் முடியவில்லை.

"விழுந்து கிடந்துகொண்டும், 'கண்டுக்கு என்னப்பா?' எண்டுதான் நீர் முதல் கேட்டனீராம், தம்பி. 'அண்டைக்குத்தானக்கா எனக்கு இவரைப் பிடிச்சது' எண்டு சொல்லுவாள்."

நான் அப்படிக் கேட்டது எனக்கு நினைவே இல்லை. நீர் என்னிடம் சொல்லவும் இல்லை. பெரியவர்கள் பேசி முடித்த கலியாணம். என்னை உமக்குப் பிடித்ததா, எப்போது பிடித்தது என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை. கேட்க வெட்கம். கிணற்றடி முழுவதற்கும் தெரிந்திருந்தது, எனக்குத் தெரியவில்லை.

இளங்கொடி விழுந்துவிட்டது. சாக்கில் கட்டி வைத்திருக்கிறேன். இனி ஆலமரத்துக்குப் போக வேண்டும். நாய்கள் பின்னால் வரும், வரட்டும். "அண்டைக்குத்தானக்கா" என்று செல்லம்மாக்கா உம்மைப் போலவே இழுத்துச் சொன்னார். அதைச் சொல்லிக்கொண்டே நடப்பேன்.