பெருவிரல் வரைக்கும்

பிப். 3, செவ்வாய்

பனி. எதிர்வீட்டு மாடி தெரியவில்லை. காலை 4.10க்கே முழிப்பு, வழக்கம்போல. இடுப்பு மரக்கட்டை. கட்டிலில் புரண்டு, முட்டி போட்டு, சுவரைப் பிடித்து எழ ஆறு நிமிடம். சட்டை நானே போட்டேன். சாக்ஸ் மட்டும் செல்வி மாட்டிவிட்டாள். கட்டின பெண்டாட்டி காலடியில் உட்கார்ந்து சாக்ஸ் மாட்டுகிறாள், முப்பத்தெட்டு வயது ஆம்பளை பிள்ளையார் மாதிரி உட்கார்ந்திருக்கிறேன். வெட்கமாக இருக்கிறது.

அலங்காநல்லூர் கடையில் இந்த நோட்டு வாங்கினேன். ஆஸ்பத்திரியில் கொடுத்த பச்சை நோட்டு வேறு. அதில் தினமும் ஒரு பக்கம் எழுத வேண்டும். வலி பத்துக்கு எத்தனை, எங்கே, எப்போது கூடுகிறது, எப்போது குறைகிறது. முதுகுவலி ஆராய்ச்சி. பேர் ஒன்றுதானாம், உள்ளே பல வகையாம். நரம்பு நசுங்கி வருவது ஒன்று, மூட்டு வீங்கி வருவது ஒன்று, இன்னும் சில. வகை தெரிந்தால் அந்தந்த ஆளுக்கு ஏற்ற வைத்தியம். நல்ல காரியம்தான். நான் பச்சை நோட்டில் எழுதுவது அத்தனையும் பொய், அதுதான் சிக்கல்.

உண்மையை எங்காவது எழுதி வைக்க வேண்டும். அதற்கு இந்த நோட்டு. பீரோவில், பழைய காக்கிச் சட்டைக்கு அடியில்.

பிப். 4, புதன்

கேட் டூட்டி. போகிற வருகிற பஸ் நம்பர், நேரம், டிரைவர் பேர். எட்டு மணி நேரம் ஒரே நாற்காலி. நாலு வருஷம் முன்பு வரை நானும் ஸ்டியரிங் பிடித்தவன். ஸ்கேனில் டிஸ்க் பிதுக்கம் என்று வந்தது, லைட் டூட்டி கிடைத்தது. வருஷா வருஷம் மார்ச்சில் டாக்டர் குழு முன்னால் நின்று புதுப்பிக்க வேண்டும்.

குழு முன்னால் என்ன சொல்வது என்று டிப்போவில் எங்களுக்கெல்லாம் பாடம் எடுத்தவர் பாண்டியண்ணன். ஐம்பத்தேழு வயது. எட்டு வருஷமாக லைட் டூட்டி, டீசல் பங்க்கில். அவர் பாடம்:

– குனிந்தால் வலி. இருமினாலும் வலி.
– உட்கார்ந்தால் கரண்ட் அடித்த மாதிரி இடது காலில் பெருவிரல் வரைக்கும் இறங்கும்.
– படுத்தால் தேவலை.
– காலையில் விறைப்பா? இல்லை.
– படுக்கவைத்துக் காலைத் தூக்கிப் பார்ப்பார்கள். பாதியிலேயே கத்த வேண்டும்.

"இடது காலு, மாப்ள. மறந்துபோயி வலதுக்குக் கத்திராத. வெறுமன முதுகு வலிக்குதுன்னு சொன்னா மாத்திரையக் குடுத்து வண்டியில ஏத்திருவாங்க. காலுக்கு இறங்குனாத்தான் எழுதுவாங்க."

எனக்குக் காலில் எதுவும் இறங்கினதே இல்லை. படுத்தால்தான் கேடு. ஆனால் குழுவிடம் சொன்னதையே ஆஸ்பத்திரியிலும் சொல்ல வேண்டும், மாறினால் லைட் டூட்டி போய்விடும்.

பிப். 6, வெள்ளி

ஆஸ்பத்திரி. காளவாசல் சிக்னலில் பஸ் இருபது நிமிடம் நகரவில்லை. நின்றுகொண்டே போனேன், நிற்பது சுகமாக இருந்தது.

ஆராய்ச்சி டாக்டரம்மா பேர் நஸ்ரின். சின்ன வயசு. டவுனுக்குள் பிறந்து வளர்ந்த பிள்ளை, நம்ம பேச்சு. என்னை நரம்பு வகையில் போட்டிருக்கிறது. ஓய்வு, குப்புறப்படுத்துச் செய்கிற பயிற்சி, ஒரு மாத்திரை. கேட்டுக்கொண்டேன்.

கிளம்பும்போது உட்காரச் சொன்னது.

"அண்ணே, ஒண்ணு கவனிச்சேன். உங்க டிப்போ ஆளுங்க ஆறு பேரு ஆராய்ச்சியில இருக்கீங்க. ஆறு பேரும் ஒரே வார்த்தை. கரண்ட் அடிச்ச மாதிரி, பெருவிரல் வரைக்கும். அம்புட்டுப் பேருக்கும் இடது காலு."

எனக்கு வேர்த்துவிட்டது.

"கிளட்ச் மிதிக்கிற காலுல்ல அது! பஸ் டிரைவருக்குன்னே ஒரு தனி வகை இருக்கும்போலண்ணே. எங்க பெரிய டாக்டர்ட்டயும் சொல்லிட்டேன். அவரே அசந்துட்டாரு."

அந்தப் பிள்ளை முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். பாண்டியண்ணன் எடுத்த பாடத்தை உட்கார்ந்து ஆராய்ச்சி பண்ணிக்கொண்டிருக்கிறது. சிரிப்பு வந்திருக்க வேண்டும். வரவில்லை.

பிப். 8, ஞாயிறு

நேற்று லீவு போட்டேன், இன்று வார லீவு. டாக்டரம்மா சொன்னபடி முழு நாளும் படுக்கை. இன்று காலை எழவே முடியவில்லை, செல்வி தூக்கி உட்காரவைத்தாள். ஒன்றரை மணி நேரம் கழித்துதான் நிமிர்ந்தேன்.

பத்து மணிக்குத் தென்னந்தோப்பில் வாய்க்கால் அடைத்துக்கொண்டது. கூலிக்கு ஆள் இல்லை. மண்வெட்டி எடுத்துக்கொண்டு போனேன். ஒரு மணி நேரம் வெட்டினேன். திரும்பி வரும்போது நல்ல மனுஷன் மாதிரி நடந்து வந்தேன். செல்வி வாசலில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"இந்தா பாருங்க, படுத்துக் கெடந்தா கட்டையாப் போறீங்க. மம்பட்டியப் பிடிச்சா இடுப்பு வளையுது. இதென்ன ஊர்ல இல்லாத நோவு? டாக்டர்ட்ட இப்படித்தானே சொன்னீங்க?"

"சொன்னேன்."

வாய் கூசவில்லை. பழகிவிட்டது. அவளுக்குக்கூட என் பாடம் தெரியாது.

அரிசி மூட்டை வந்தது. மோட்டார் ஃபியூஸ் மாற்ற வேண்டும்.

பிப். 10, செவ்வாய்

வலது கண் சிவப்பு. வெளிச்சம் பட்டால் குத்துகிறது. மெட்ராஸ் ஐ என்று டிப்போவில் ஒருத்தனும் கேட் பக்கம் வரவில்லை. நம்பரைத் தூரத்தில் நின்றே கத்திவிட்டுப் போகிறார்கள். போகட்டும்.

வலி பத்துக்கு ஏழு. பச்சை நோட்டில் நாலு, காலில் என்று எழுதினேன்.

பிப். 11, புதன்

பச்சை நோட்டைக் காட்டும் நாள். டாக்டரம்மா நோட்டைப் பார்க்கவில்லை, என் கண்ணைப் பார்த்தது.

"இது மெட்ராஸ் ஐ மாதிரி இல்லண்ணே. முன்னாடி வந்திருக்கா?"

வந்திருக்கிறது, இரண்டு தடவை. அதுவரை உண்மை சொன்னேன். நாற்காலியைக் கிட்டே இழுத்துப் போட்டுக்கொண்டது.

"காலையில எந்திரிக்கும்போது விறைப்பு இருக்கா? நடக்க நடக்க விடுதா?"

"இல்லம்மா. படுத்தாத் தேவலை."

நாக்கு தானாகச் சொல்லிவிட்டது. நான் யோசிக்கவே இல்லை.

"இருக்குன்னு சொல்லியிருந்தீங்கன்னா வேற வகைன்னு நெனச்சிருப்பேன். இடுப்பு மூட்டுல வீக்கம் வர்றது. நாப்பதுக்குள்ளயே ஆரம்பிச்சிரும், சில பேருக்குக் கண்ணும் சிவக்கும். அதை வைத்தியம் பண்ணாம விட்டா முதுகெலும்பு ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிரும்ணே. அப்புறம் கழுத்தத் திருப்பி ஆளப் பாக்க முடியாது. அதுக்கு மருந்தே வேற. நல்லவேளை உங்களுக்கு அது இல்ல. கண்ண மட்டும் இன்னிக்கே காட்டிருங்க."

நல்லவேளையாம். திருடனுக்குத் தேள் கொட்டின கதை. கண் டாக்டரிடம் காட்டிவிட்டு, சொட்டு மருந்தோடு பஸ் ஏறி, ஊருக்கு எதிர்ப்பக்கம் திருநகர் போகிற பஸ் அது என்று நாலு ஸ்டாப் தாண்டித்தான் தெரிந்தது. இத்தனை வருஷம் பஸ் ஓட்டினவன்.

பயமாக இருக்கிறது.

பிப். 12, வியாழன்

டீசல் பங்க் பின்னால் பாண்டியண்ணனிடம் சொன்னேன். முழுசாகக் கேட்டார்.

"நீ மாத்திச் சொன்னா மத்தவங்களையும் திருப்பிக் கேப்பாக. கேப்பாகளா இல்லியா?"

"கேப்பாங்கண்ணே."

"நான் ரிடையராக இன்னும் மூணு வருஷம் இருக்கு. இந்த வயசுல என்னைய உசிலம்பட்டி ரூட்ல ஏத்துனா செத்துருவேன்டா. நான் என்ன வலிக்காமலா சொல்றேன்? வலி நெசம். அவுகளுக்கு விளங்குற மாதிரி சொன்னோம். அம்புட்டுத்தான்."

"எனக்கு எலும்பு ஒட்டிக்கிரும்ங்கிறாங்கண்ணே."

 கையில் இருந்த டீசல் துணியை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார். அவரைப் பார்த்தால் கோபம் வரவில்லை. நாலு வருஷம் முன்பு என் வீட்டில் அடுப்பு எரிந்தது இவர் சொல்லிக்கொடுத்த பொய்யால்தான்.

சொன்னால் இவரையும் சேர்த்து அஞ்சு பேர் நாற்காலி ஆடும். சொல்லாவிட்டால் என் முதுகு. இருதலைக் கொள்ளி எறும்பு என்று பள்ளிக்கூடத்தில் படித்தது. எறும்பு என்ன செய்தது என்று யாரும் சொல்லித்தரவில்லை.

பிப். 13, வெள்ளி

சொல்லிவிட்டேன்.

செல்வியைக் கூட்டிக்கொண்டு போனேன். தனியாகப் போனால் நாக்கு பழைய பாட்டைப் பாடும். "காலுக்கு எதுவும் இறங்கலம்மா, எப்பவுமே இறங்கல" என்று ஆரம்பித்தேன். செல்வி என்னைத் திரும்பிப் பார்த்தாள். அந்தப் பார்வைக்கு டாக்டர் குழுவே தேவலை.

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தது. 

"அப்ப மத்த அஞ்சு பேரு?"

"எனக்குத் தெரியாதும்மா. வலி அவங்களுக்கும் நெசந்தான்."

"நெசந்தாண்ணே. எந்த வலின்னு தெரியாம நான் என்னத்தக் குடுக்க? உங்களுக்கு நானே ரெஸ்ட் எடுங்கன்னு எழுதிக் குடுத்திருக்கேனே."

 என்னை நாலு திட்டு திட்டிவிடும்மா என்று அந்தப் பிள்ளையைக் கும்பிட வேண்டும்போல் இருந்தது. டிப்போவுக்கு ஒரு காகிதமும் போகாது, சத்தியம் என்றது. நம்புகிறேன்.

முதுகில் இரண்டு கோடு போட்டு, குனியச் சொல்லி டேப் வைத்து அளந்தது. இரண்டு கோட்டுக்கும் நடுவில் இடைவெளி கூட வேண்டுமாம், கூடவே இல்லை. ரத்தம் எடுத்தார்கள். இடுப்பு எக்ஸ்ரே. படத்தை விளக்கில் பிடித்துக் காட்டியது. ஒரு பக்க மூட்டில் நடுவே கறுப்பாக ஒரு இடைவெளி தெரிய வேண்டுமாம். இல்லை. ஒட்டிவிட்டது.

"இது எத்தன வருஷமாண்ணே?"

நாலு, அஞ்சு.

"ஒட்டுனது ஒட்டுனதுதான். மிச்சத்தக் காப்பாத்தலாம். ரத்த ரிசல்ட் வந்ததும் மருந்து ஆரம்பிச்சிரலாம், தினம் நடங்க, குனிஞ்சு நிமிந்து வேலை பாருங்க. ஒரே இடத்துல உக்காரக் கூடாது."

உட்காரக் கூடாது என்றால் கேட் இல்லை. ஸ்டியரிங்கும் இல்லை. மார்ச்சில் குழுவிடம் எந்தக் காகிதத்தை நீட்டுவது? பஸ்ஸில் செல்வி ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்தே வந்தாள். வீட்டுக்கு வந்து, "எனக்குமா பாடம் ஒப்பிச்சீங்க?" என்று மட்டும் கேட்டாள்.

பிப். 14, சனி

பனி குறைவு. சாக்ஸ் மாட்டிவிட்டாள். பேசவில்லை.

கேட்டில் நின்றபடியே நம்பர் எழுதினேன். பதினோரு மணிக்குப் பாண்டியண்ணன் வந்தார். முகம் சரியில்லை.

"ஆஸ்பத்திரியில இருந்து போன். திங்கக்கிழமை எல்லாரையும் வரச் சொல்லிட்டாக. ஒவ்வொருத்தரா, தனித்தனியா."

"மன்னிச்சிருங்கண்ணே."

"சண்டைக்கு வரலடா. நீ போயிட்டு வந்தவன், சொல்லு. அங்கன என்ன சொல்லணும்?"

"எங்க வலிக்குதோ அதைச் சொல்லுங்கண்ணே. எப்பக் கூடுது, எப்பக் குறையுது. அம்புட்டுத்தான்."

கையை இடுப்பில் வைத்தார். கொஞ்சம் மேலே ஏற்றினார். பின்பக்கம் கொண்டுபோனார். இடது தொடையைத் தொட்டு, சூடுபட்ட மாதிரி எடுத்துவிட்டார்.

"எட்டு வருஷமாக் காலையே சொல்லிச் சொல்லி... எங்கன்னு தெரியலையேடா மாப்ள."