உன் இரத்தத்தையும் பார்த்துவிடு

மடுல்சீமை,
ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகன் கிரிஷாந்தனுக்கு அம்மா எழுதுவது. முருகன் புண்ணியத்தில் நானும் அப்பாவும் எழுந்து நடமாடுகிறோம், அதுபோல நீயும் கட்டாரில் வேளைக்குச் சாப்பிட்டுச் சுகமாக இருக்க வேண்டும். போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். நீ இருக்கிற அறையில் எட்டுப் பேர், நான் வாயைத் திறந்ததுமே “சரிம்மா, சரிம்மா” என்று வைத்துவிடுவாய். அதனால்தான் லீவில் வந்திருக்கிற உன் கூட்டாளி ஸலீமிடம் இதைக் கொடுத்து விடுகிறேன். இங்கே மூன்று வாரமாக ஒரே மழை, லயத்து வீட்டுக் கூரை இரண்டு இடத்தில் ஒழுகுகிறது, எனக்கு முட்டி வலி, உட்கார்ந்தால் எழுந்திருக்க முடியவில்லை.

விசயத்துக்கு வருகிறேன். லிங்கம் மாமா மகள் மேனுஷாவை உனக்குத் தை மாதம் கட்டி வைக்கப் பேசி வைத்திருக்கிறோம் அல்லவா, அவள் பண்டாரவளையில் வேலை செய்கிற இடத்தில் இரத்தப் பரிசோதனை வைத்திருக்கிறார்கள். அவள் இரத்தத்தில் தலசீமியாக் கூறு இருக்கிறதாம். நோய் இல்லை, பிள்ளை நன்றாகத்தான் இருக்கிறாள். பெற்ற அப்பனிடம்கூடச் சொல்லாமல் பஸ் ஏறி நேரே என்னிடம் வந்து, “அத்தை, நீங்களும் மாமாவும் ஒரு தடவ பாத்துக்கங்க” என்றாள். நாங்களும் பதுளை ஆஸ்பத்திரிக்குப் போய் இரத்தம் கொடுத்தோம். எனக்கும் இருக்கிறது, உன் அப்பாவுக்கும் இருக்கிறது. இரத்தம் பத்தாது என்று நான் இத்தனை வருசம் விழுங்கிய இரும்பு மாத்திரை ஒரு மூட்டை தேறும், அத்தனையும் வீண். அங்கே தயானி என்று ஒரு நர்ஸ் மிஸ்ஸி, சிங்களப் பிள்ளை, கொச்சைத் தமிழில் பொறுமையாகச் சொன்னாள். விதைத் தேயிலை மலையில் ஒரு செடி போல மறு செடி இருக்காது, ஒன்று வெயிலைத் தாங்கும், பக்கத்துச் செடி வாடிப்போகும், மனிதரும் அப்படித்தானாம். அம்மாவிடமிருந்து ஒரு கூறு, அப்பாவிடமிருந்து ஒரு கூறு வருமாம். ஒன்று பழுதானால் மற்றது தாங்கிக்கொள்ளும், இரண்டும் பழுதானால் பிள்ளை உடம்பில் இரத்தம் நிற்காது. புருசன் பெண்சாதி இரண்டு பேருக்கும் இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் நாலில் ஒரு பங்கு ஆபத்து. வெளியே வந்ததும் அப்பா “நாலுல ஒன்னுதானே” என்றார். அந்த ஒன்றை நான் நாலு வருசம் மடியில் வைத்திருந்தேன், அவருக்கு நினைவில்லையா என்று ஆத்திரமாக வந்தது.

உனக்கு முன்னால் பிறந்தவள் தர்மிளா. நீ அவளைப் பார்த்ததில்லை. வயிறு வீங்கி, முகமெல்லாம் எலுமிச்சம்பழம் போல வெளுத்து, தூக்கு தூக்கு என்று அழுவாள். நான் வயிற்றுப் பிள்ளையோடு, தேயிலை கவ்வாத்து வெட்டுகிறவர்கள் கும்பிடுகிற கவ்வாத்து சாமிக் கல்லைத் தாண்டிப் போனதால்தான் சாமி பிள்ளையின் இரத்தத்தை உறிஞ்சுகிறது என்று உன் அப்பாயி சொன்னார். அன்றைக்கு மழை, குறுக்கு வழி என்று நான் போனது உண்மைதான். அதனால் நானும் நம்பினேன். பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோகாமல் கோழி அறுத்தோம், தாயத்துக் கட்டினோம். பிள்ளை போன பிறகும் வருசா வருசம் கோழி கொடுத்து மன்னிப்புக் கேட்டேன். உன் அப்பா எனக்கு அத்தை மகன், சொந்தம் விட்டுப்போகக் கூடாது என்றுதான் கட்டி வைத்தார்கள். அதே பேச்சைத்தான் நானும் லிங்கமும் உங்கள் இருவருக்கும் பேசினோம். பட்டும் புத்தி வரவில்லை, போ.

அன்றைக்கு லுணுகலை வரைக்கும் பஸ்ஸில் வந்தோம். இறங்கியதும் உன் அப்பா, “எங்கம்மா ஒன்னய அந்தப் பேச்சு பேசுனப்ப நான் வாயத் தொறக்கல லீலா” என்றார். இத்தனை வருசத்தில் அன்றைக்குத்தான் சொன்னார். கோபப்படக்கூட எனக்குத் தெம்பில்லை, குடையைப் பிடிங்க, நனையிறீங்க என்றேன்.

மகனே, உனக்கு இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம், அந்த மிஸ்ஸி பார்த்தால்தான் தெரியும் என்கிறாள். மேனுஷாவைக் கேட்டேன். “அத்தானுக்கு இல்லேன்னா எத்தன வருசம்னாலும் இருப்பேன். இருந்துச்சுன்னா எனக்கு வேணாம் அத்தை, தர்மிளா மாதிரி ஒரு புள்ளய நான் தூக்க மாட்டேன்” என்றாள். சொல்லிவிட்டுத்தான் அழுதாள். உனக்கு அவள்மேல் ஆசை என்று எனக்குத் தெரியாதா? ஆசையை வைத்துக்கொண்டு பரிசோதனையைத் தள்ளிப்போடாதே, பார்த்துவிட்டு மறைக்கவும் செய்யாதே. ரிப்போர்ட் வந்ததும் முதலில் அவளுக்குச் சொல், பிறகு எனக்கு. வேண்டாம் என்று ஆகிவிட்டால் உன் மாமா வீட்டில் நீ பேச வேண்டியதில்லை, அந்தப் பிள்ளையும் பேச வேண்டியதில்லை. நான் போய், எனக்குத்தான் மனம் மாறிவிட்டது என்று சொல்லிவிடுகிறேன். என் தம்பி என்னோடு பேசாமல் போனால் போகட்டும். பழி சுமந்து எனக்குப் பழக்கம்தான்.

முருகன் உனக்குத் துணையிருப்பான், நீ நூறு வருசம் நல்லாயிருக்க வேண்டும். ஸலீம் கையில் இஞ்சித் தேயிலையும் மாசிக் கருவாட்டுத் துண்டும் கொடுத்திருக்கிறேன். வருகிற வெள்ளிக்குள் இரத்தம் கொடுத்துவிடு. வெறும் வயிறாக இருக்கத் தேவையில்லையாம், சாப்பிட்டுவிட்டே போ.

உன் அம்மா,
இ. லீலா