ரெஜினாவின் கையெழுத்து

செவ்வாய், இரவு.

அரசு கூடுதல் நிதி ஒதுக்கியதால் சிறப்பு மருத்துவப் பயிற்சிக்குப் புதிய இடங்கள் வந்திருக்கின்றன. பட்டியலில் என் பெயர் இருந்தது. அதற்கு மேலே ரெஜினாவின் பெயர். மூன்று ஆண்டுகளாக இருவரும் சேர்ந்தேதான் விண்ணப்பித்தோம். போன மாதம் அவள் இரவுப் பணி முடிந்து திரும்பும்போது, பினாங்குப் பாலத்தில் காரை ஓட்டியபடியே தூங்கி, விபத்தில் இறந்துபோனாள்.

மருத்துவமனை அலுவலகத்துக்குப் புதிதாக வந்திருக்கும் நூர்ஜஹான் அக்காவிடம், "ரெஜினா பேரை எடுத்துடுங்கக்கா" என்றேன்.

"ஏன் டாக்டர்? அவங்க காலையிலேயே வந்து சைன் போட்டுட்டாங்க லா."

பதிவேட்டைத் திருப்பிக் காட்டினார். அவள் கையெழுத்தேதான். எனக்குத் தெரியாதா?

"அவங்க உங்களையும் சீக்கிரம் வரச் சொன்னாங்க" என்று பேனாவை நீட்டினார்.

வாங்காமல் வந்துவிட்டேன். இடத்தை ஏற்றுக் கையெழுத்திட நாளைதான் கடைசி நாள்.